குடிகாரர் கதை!
முடிவு தெரிந்தும் 15 லட்சம் பேர் வாங்கிய நாவல்

முடிவு தெரிந்த கதையை யாராவது படிப்பார்களா?

படித்தார்கள்!

2025-ம் ஆண்டு மார்ச் மாதம், "சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்" என்ற ஆங்கில நாவல் வெளிவந்தது. முதல் வாரத்திலேயே 15 லட்சம் பிரதிகள் விற்றன. கதாநாயகன் சாகமாட்டான் என்பது பழைய வாசகர்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் வாங்கினார்கள். ஏன்?

சாவுப் போட்டி

எழுதியவர் அமெரிக்கப் பெண்மணி சூசன் காலின்ஸ். ஓர் இரவு அவர் டெலிவிஷன் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பக்கம் இளைஞர்களின் பரிசுப் போட்டி. மறுபக்கம் ஈராக் சண்டைக் காட்சி. இரண்டும் அவர் மனதில் ஒன்றாகக் கலந்தன. பிறந்தது கதை!

"தி ஹங்கர் கேம்ஸ்" என்ற அந்த நாவல் 2008-ல் வெளிவந்தது. "பசி விளையாட்டு" என்று பொருள். இன்னும் இரண்டு பாகங்கள் 2009, 2010-ல் வந்தன.

பானெம் என்பது ஒரு கற்பனை நாடு. அதன் தலைநகரை எதிர்த்து மாவட்டங்கள் கலகம் செய்து, தோற்றன. அதற்குத் தண்டனை என்ன தெரியுமா?

12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்பவேண்டும். வயது 12 முதல் 18 வரை. சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். 24 பேரும் ஒருவரை ஒருவர் கொல்லவேண்டும். கடைசியில் ஒருவர்தான் மிஞ்சுவார். அதை நாடே டெலிவிஷனில் பார்க்கவேண்டும்!

12 வயதுத் தங்கைக்குச் சீட்டு விழுகிறது. அவளுக்குப் பதிலாக 16 வயது அக்காள் காட்னிஸ் போகிறாள். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஹேமிட்ச். எப்போதும் குடிபோதை. மேடையில் இருந்தே தள்ளாடி விழுகிறார். படித்தவர்கள் சிரித்தார்கள்.

படம் சொன்ன பொய்

புதிய நாவல், அந்த ஹேமிட்சின் 16-வது வயதுக் கதை. 24 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அந்த ஆண்டு மட்டும் போட்டிக்கு 48 பேர்!

ஹேமிட்சுக்குச் சீட்டு விழவே இல்லை. சீட்டு விழுந்த பையன் தப்பி ஓடினான். சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கலவரத்தில், காதலியைக் காப்பாற்ற ஹேமிட்ச் குறுக்கே பாய்ந்தான். அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, முறைப்படி சீட்டு விழுந்ததுபோல நடித்துப் படம் எடுத்தார்கள்!

போட்டிக் களத்தையே நாசமாக்க அவன் துணிந்தான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். தன்னலம் பிடித்த போக்கிரியாகத்தான் நாடு அவனைப் பார்த்தது.

வென்று வீடு திரும்பினான். தாயும் தம்பியும் தீக்கு இரையானார்கள். அவன் கையால் ஊட்டிய மிட்டாயில் விஷம்! காதலியும் போனாள். அதன் பிறகுதான் குடித்தான்.

மறுபடியும் பழைய புத்தகம்

இதைப் படித்தவர்கள் 2008-ம் ஆண்டுப் புத்தகத்தை மறுபடி புரட்டினால், அதே மேடை, அதே குடிகாரர். ஆனால் சிரிப்பு வராது.

மேடையில் நிற்கும் காட்னிஸ் யார்? ஹேமிட்சின் பால்ய நண்பனின் மகள்!

அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.