உயர்த்துவதா, செப்பனிடுவதா?

உசிலம்பட்டிப் பக்கத்துச் சங்கம் ஒன்றினை ஆய்வு செய்யச் சென்றோம். "பிக்கப் வண்டியை உயர்த்தும் செலவு" என்னும் தீர்மானம் நம் கண்ணில் பட்டது. மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் அப்பழைய வண்டி பின்புறம் தாழ்ந்து, டயர் மட்கார்டில் உரசியது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைத்தால் சிக்கனம் என்றனர்.

உயரம் வேறு, வலிமை வேறு. கட்டை வண்டியைத் தூக்கும். தளர்ந்த பட்டையைத் தேற்றாது. கூடுதல் பட்டை சேர்த்தாலும் அச்சும் பிரேக்கும் பழையனவே. பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் ஏற்றுதல் கூடாது. அச்சான்றின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

பட்டறையில் கழற்றிப் பார்க்கச் செய்தோம். பட்டை ஒன்று முறிந்திருந்தது, புஷ்கள் தேய்ந்திருந்தன. முறிந்ததை மாற்றி, இரு பக்கமும் ஒருங்கே வளைவு ஏற்றி, யூ போல்ட்டுகளைப் புதிதாக இட்டனர். காய்ச்சி வளைத்த பட்டைக்கு முறையாகப் பதம் ஏற்றாவிடில் அது மீண்டும் படுத்துவிடும். சில நாள் சுமையுடன் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குதல் வேண்டும்.

வண்டி பழைய நிலைக்கு எழுந்தது. தீர்மானத்தில் "உயர்த்தும்" என்பதை நிர்வாகக் குழுவினர் "செப்பனிடும்" எனத் திருத்தினர். காய்கறியாயினும் நூல் மூட்டையாயினும், ஏற்றும் வண்டிக்கு அதுவே உண்மையான சிக்கனம்.