வெல்லம்பிட்டியில் கடை எடுக்கலாமா?

கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போவதற்கு நெடுங்காலமாகவே இரண்டு பாதைகள் உண்டு. நுகேகொட, மஹரகம வழியாகப் போவது ஹை லெவல் ரோட். வெல்லம்பிட்டி, கடுவெல வழியாக களனி கங்கையை ஒட்டிப் போவது லோ லெவல் ரோட். விஷயம் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் காணி பார்க்கப் போகிறவர்கள் பேர்ச் விலையைக் கேட்பார்களே தவிர, பாதையின் பெயரை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வெல்லம்பிட்டிப் பக்கம் ஒரு கிளை போட்டால் ஓடுமா?" ஓடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் வாடிக்கையாளர்கள் எமக்கு முன்னரே அங்கே போய்விட்டார்கள்.

கொழும்பு மாநகரில் 2001 கணக்கெடுப்பின்போது 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். 2012 இல் அது 5 இலட்சத்து 60 ஆயிரமளவுக்கு இறங்கியது. 2024 கணக்கெடுப்பில் கம்பஹா மாவட்டம் சனத்தொகையில் கொழும்பு மாவட்டத்தையே முந்திவிட்டது. சனங்கள் வெளியே நகர்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை. மாளிகாவத்தையிலும் தெமட்டகொடையிலும் ஒரே வீட்டைப் பலகையால் பிரித்து மூன்று குடும்பங்கள் வாழ்ந்ததை நாம் அறிவோம். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டிய தகப்பன் தெஹிவளை விலையைக் கேட்டுத் திரும்பி வந்து, வெல்லம்பிட்டியில் ஐந்தாறு பேர்ச் வாங்கினார். கீழே ஒரு மகள், கொங்கிரீட் தட்டுப் போட்டு மேலே இன்னொரு மகள், அதற்கும் மேலே கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும், அது மூன்றாமவளுக்கு. இந்த ஒழுங்கைகளில் அரைவாசி வீடுகள் இப்படித்தான் வளர்ந்தன. போதாததற்கு, நகரத்தின் தோட்டங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கென அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகளும் கொலன்னாவைப் பக்கம் உண்டு. மாடியில் இருப்பவர்களுக்குச் சாமான் சேர்த்து வைக்க இடமில்லை. கொஞ்சமாக, அடிக்கடி வாங்குவார்கள். சில்லறைக் கடைக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் யார்?

அப்படியானால் காணி ஏன் மலிவு? அங்கேதான் கணக்கு மாறுகிறது.

கொலன்னாவைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மழை நீரைத் தாங்கி வைத்த இடம். அதில் கணிசமான பகுதியை மண் போட்டு நிரப்பினார்கள், மீதொட்டமுல்லையில் ஒரு பகுதியைக் குப்பை போட்டே நிரப்பினார்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி அந்தக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. இப்போது நீருக்குப் போக இடமில்லை. கங்கை உயர்ந்தால் வாய்க்கால் நீர் கங்கைக்குள் இறங்காது. வந்த வழியே திரும்பும்.

கொழும்புப் பக்கத்தில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றரளவு மழை பெய்கிறது. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும்தான் கடுமை. ஆனால் வெல்லம்பிட்டியை மூழ்கடிப்பது தலைக்கு மேலே பெய்யும் மழை மட்டுமல்ல, மலையில் பெய்யும் மழை. இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

2016 மே நடுப்பகுதி. நோன்புக்கு மூன்று வாரமளவே இருந்தது. பெருநாள் வியாபாரத்துக்கென எடுத்த துணிச் சாமான்களை லோ லெவல் ரோட்டுக்கு உள்ளே ஒரு வாடகை ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்தேன். மழை விட்டிருந்தது, நிம்மதியாகக் கடைக்குப் போனேன். இரவு பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்தார்: "நானா, தண்ணி ஒழுங்கைக்குள்ள வந்திட்டு. திறப்பு யாருக்கிட்ட?" நான் போய்ச் சேரும்போது பாதை இல்லை. கீழ் அடுக்குகள் நான்கும் போயின. நனைந்த துணியைக் காய வைத்தாலும் அந்தச் சேற்று வாடை போகாது, யாரும் வாங்கவுமில்லை. கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அது தீக்கு மட்டும், வெள்ளத்துக்கு இல்லை. அந்தப் பத்திரத்தை அன்றுதான் முதன்முதலாக முழுமையாக வாசித்தேன்.

அன்றிலிருந்து மழைக் காலத்தில் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் கங்கை நீர்மட்டத்தைப் பார்க்கிறேன். கிளென்கோர்சிலும் ஹங்வெல்லயிலும் நீர் ஏறினால், அது இங்கே வந்து சேரப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். இரண்டு நாட்டாமிமாரும் ஒரு லொறியும் இருந்தால் அந்த நேரத்துக்குள் நிறையக் காப்பாற்றலாம். நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெருவெள்ளம். 2016 இலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் 7 அடியைத் தாண்டியது. 2024 இல் ஜூனிலும் ஒக்டோபரிலும் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள் நீர் வந்தது. ஆகவே இது எப்போதாவது வரும் விருந்தாளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பின்னரும் நான் அங்கேதான் இருக்கிறேன். வியாபாரம் இருக்கிறது. ஸ்டோரை மட்டும் மேல்மாடிக்கு மாற்றிவிட்டேன். மின்சார மீற்றரும் பிளக் பொயின்டுகளும் ஆள் உயரத்தில். கீழ்த்தளத்தை எடுத்திருப்பவர் தரை டைல்ஸும் பீவீசீ குழாய்களும் விற்கிறார். டித்வா நீர் இறங்கிய பின்னர் அவர் ஹோஸ் பிடித்துச் சாமான்களைக் கழுவி மீண்டும் வியாபாரத்தைத் தொடங்கினார். எதிர்ப்பக்கத்தில் சீமெந்து வைத்திருந்தவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இடம் பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் கேட்காமல், ஒழுங்கையில் பழைய வீடொன்றைத் தட்டி, 2016 இல் நீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரிலேயே கோட்டைக் காட்டுவார்கள். வாடகை பேசும்போது மேல்மாடியையும் சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள். மற்ற இடங்களில் கீழ்த்தளத்துக்குத்தான் கூடுதல் வாடகை. எங்கள் ஒழுங்கையில் இப்போது மேல்மாடிக்கே கூடுதலாகக் கேட்கிறார்கள்.