விசுவநாதன் - ராமமூர்த்தி

விசுவநாதன் - ராமமூர்த்தி (இணைந்து இயங்கிய காலம்: 1952-1965) தமிழ்த் திரையிசை இரட்டையர். பாலக்காட்டில் பிறந்த எம். எஸ். விசுவநாதனும் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. கே. ராமமூர்த்தியும் 13 ஆண்டுகள் சேர்ந்து இசையமைத்தனர். 'மெல்லிசை மன்னர்கள்' என அழைக்கப்பட்டனர்.

பின்புலம்

ராமமூர்த்தி 1922 மே 15 அன்று திருச்சியில் வயலின் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை புகழ்பெற்ற வயலின் வித்துவான். தந்தை கிருஷ்ணசாமிப் பிள்ளையும் வயலின் வாசித்தவர். ராமமூர்த்தி சிறுவயதிலேயே முறையாகக் கர்நாடக இசை கற்றார்.

விசுவநாதன் 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். தாத்தாவின் ஆதரவில் கண்ணூரில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். ஜுபிடர் நிறுவனத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் பணியாற்றித் திரையிசையைக் கற்றார்.

இணைவு

இருவரும் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் சந்தித்தனர். அங்கே ராமமூர்த்தி வயலினும் விசுவநாதன் ஆர்மோனியமும் வாசித்தனர். 1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது 'தேவதாஸ்' போன்ற படங்களின் வேலை பாதியில் நின்றது. அவற்றை இருவரும் முடித்துக் கொடுத்தனர்.

இருவரும் இரட்டையராக இயங்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் என். எஸ். கிருஷ்ணன். இந்தித் திரையில் சங்கர் - ஜெய்கிஷன் இரட்டையர் அப்போது புகழ்பெற்றிருந்தனர். என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' (1952) இவர்களின் முதல் படம். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். ஆயினும் இளையவர் பெயர் முன்னால் இருக்கட்டும், மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கிருஷ்ணன் சொன்னதாகக் கூறப்படுகிறது.

பணிமுறை

விசுவநாதன் ஆர்மோனியத்தில் மெட்டமைத்துக் கவிஞருடன் பாடலை உருவாக்குவார் என்றும், ராகநுட்பங்களையும் வயலின் உள்ளிட்ட வாத்தியச் சேர்ப்பையும் ராமமூர்த்தி கவனிப்பார் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு பாடலில் யார் பங்கு எது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. படத்தலைப்பில் இருவர் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன. ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் ஆகியோர் உதவியாளர்களாக இருந்தனர்.

'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' (மூன்றும் 1964) ஆகியவை இவர்களின் முக்கியமான படங்கள். 'கர்ணன்' படத்தில் இந்துஸ்தானி ராகங்களும் வட இந்திய வாத்தியங்களும் மிகுதி. அதே ஆண்டு வந்த 'காதலிக்க நேரமில்லை' மேலைநாட்டுத் தாளங்களால் இளைஞர்களைக் கவர்ந்தது. 1963-ல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் இவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' பட்டத்தை வழங்கினார்.

வாலியும் இரட்டையரும்

திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலிக்குத் (டி. எஸ். ரங்கராஜன்) திரையில் நிலையான இடம் கிடைத்தது இவர்களின் இசையில்தான். அதற்கு முன் அவர் திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதி வந்தார். சென்னையில் வாய்ப்பில்லாமல் ஊர் திரும்ப முடிவு செய்திருந்த நாளில், 'சுமைதாங்கி' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாடலைக் கேட்டு மனம் மாறியதாக வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பாடலின் இசையும் இவர்களுடையதே. அடுத்த ஆண்டு 'கற்பகம்' படத்தின் எல்லாப் பாடல்களையும் எழுதி வாலி புகழ்பெற்றார். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் வாலியின் பாடல் ஒன்று ஒலிப்பதிவுக் கூடக் காட்சியாகவே படமாக்கப்பட்டது. அதில் விசுவநாதன் இசைக்குழுவை நடத்துபவராகத் தோன்றினார்.

பிரிவு

'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்துடன் இருவரும் பிரிந்தனர். பிரிவின் காரணம் பற்றிப் பலவிதமாகப் பேசப்பட்டாலும் இருவரும் ஒருவரையொருவர் வெளிப்படையாகக் குறை கூறியதில்லை. பிரிவின் விளைவு இருவருக்கும் ஒன்றுபோல அமையவில்லை. விசுவநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை இருபதுக்கும் குறைவு. 'சாது மிரண்டால்', 'தேன் மழை' (இரண்டும் 1966), 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகியவை அவற்றில் சில. அவற்றின் பாடல்களைப் பின்னாளில் விசுவநாதனுடையவை என்றே எண்ணிக் கேட்டவர்கள் உண்டு.

மீண்டும் சேர்தல்

முப்பது ஆண்டுகளுக்குப் பின் 'எங்கிருந்தோ வந்தான்' (1995) படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும், தலா 60 பொற்காசுகளும் ஒரு காரும் வழங்கினார்.

மறைவு

ராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17 அன்றும், விசுவநாதன் 2015 ஜூலை 14 அன்றும் சென்னையில் காலமாயினர்.

மதிப்பீடு

ஜி. ராமநாதன் காலத்தின் ராக ஆலாபனை சார்ந்த திரைப்பாடலைச் சொல் தெளிவாகக் கேட்கும் மெல்லிசைக்குக் கொண்டுவந்தவர்களில் இவர்கள் முதன்மையானவர்கள். மெட்டு எளிமையானபோதும் அதன் அடியில் மரபிசையின் உறுதி இருந்தது. அவ்வுறுதியில் திருச்சி வயலின் மரபுக்கும் பங்குண்டு. விசுவநாதனின் நீண்ட தனிப்பயணத்தால் மறைந்துபோன அப்பங்கை, 1952-1965 காலப் படங்களைப் பேசும்போது சேர்த்தே மதிப்பிட வேண்டும்.