காஞ்சிபுரம் பட்டு: சாக்கடைக்குப் போகும் கால் கிலோ புரதத்தை நொதியால் மீட்க முடியுமா?

ஒரு கிலோ கச்சாப் பட்டு நூல் காஞ்சிபுரம் சாயப்பட்டறைக்குள் போனால், சாயம் ஏறுவதற்கு முன்பே சுமார் 750 கிராம் ஆகிவிடும். யாரும் திருடவில்லை. மீதிக் கால் கிலோ சோப்புத் தண்ணீரில் கரைந்து சாக்கடைக்குப் போயிருக்கும். அதில் பெரும்பகுதி புரதம்!

பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு புரதங்களைச் சேர்த்தே நூலாக விடுகிறது. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். நாம் பட்டு என்று சொல்வது இதைத்தான். அதன்மேல் பூசிய பசை, செரிசின். பசை இருக்கும்வரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். சாயமும் சீராக ஏறாது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று நெய்யும் ஊரில், திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்தால் புடவையே போச்சு.

அதனால் நூலை சோப்பும் சலவை சோடாவும் போட்டுக் கிட்டத்தட்ட கொதிக்கும் நீரில் வேக வைக்கிறார்கள். வேலை முடியும். ஆனால் எரிபொருள் நிறைய ஆகும். காரம் கொஞ்சம் கூடினாலும் ஃபைப்ராயினும் அடிபடும். கழிவுநீர் பிரச்சினை தனி. வேகவதி ஆற்றைக் கேட்டால் சொல்லும்.

நொதி என்ன செய்யும்?

ஆட்டுக்கறி சீக்கிரம் வேக, பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் இல்லையா? அந்தக் காயின் பாலில் இருக்கும் பப்பெயின் என்ற நொதி, புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பட்டுப் பசையிலும் இதே வேலைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கோ 2’ பப்பாளி, பப்பெயின் எடுப்பதற்கென்றே பெயர் பெற்ற ரகம். பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் நொதிகளும் உண்டு. பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி சூடு போதும்.

பட்டும் புரதம்தானே, அதை ஏன் வெட்டுவதில்லை? ஃபைப்ராயின் இழைகள் நெருக்கமாக அடுக்கியவை, நொதி நுழைய இடமில்லை. செரிசின் தளர்வானது, சிக்கிக்கொள்கிறது.

சோயா, நிலக்கடலையிலும் இதே வித்தை உண்டு. எண்ணெய்த் துளிகளைச் சுற்றியுள்ள புரதத்தை நொதி வெட்டினால், ஹெக்சேன் என்ற ரசாயனம் இல்லாமல் தண்ணீரிலேயே எண்ணெயும் புரதமும் தனித்தனியாகப் பிரியும். டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நிலக்கடலையில் இதைச் செய்து 2002-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

பட்டில் கூடுதல் லாபம் ஒன்று இருக்கிறது. நொதி நீரில் சோப்பு கலக்காததால், கரைந்த செரிசினைத் திரும்ப எடுப்பது எளிது. தோலில் ஈரத்தைத் தக்கவைக்கும் குணம் இருப்பதால் அழகு சாதனங்களில் இதைச் சேர்க்கிறார்கள். காஞ்சிபுரம் கழுவிக் கொட்டுவது இதைத்தான்.

அப்புறம் ஏன் எல்லோரும் மாறவில்லை?

முதல் சிக்கல் பாவு நூல். நன்றாக முறுக்கேற்றிய நூலுக்குள் நொதி மெதுவாகத்தான் இறங்கும். நடுவே பசை தங்கினால் சாயம் சொதப்பும். நூலின் மேலுள்ள மெழுகையும் இந்த நொதி தொடாது. அதற்கு லைபேஸ் என்ற இன்னொரு நொதியோ, லேசான சோப்புக் குளியலோ தேவை.

விலையும் ஒரு தடைதான். அதைவிடச் சின்னதாகத் தெரியும் பெரிய சிக்கல், சூடு. கூடினால் நொதி செத்துவிடும், குறைந்தால் வேலை செய்யாது. அடுப்பில் நீர் கொதிக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 55 டிகிரியை அப்படிப் பார்க்க முடியாது.