துளையிடாது கிட்டாருக்கு வார் பூட்டும் முறை

இசைக்கருவிகளுள் சில அமர்ந்து வாசித்தற்கென்றே அமைந்தவை, வீணை அத்தகையது. சில நின்றும் நடந்தும் முழக்கற்குரியவை. தவிலும் பறையும் அத்தகையன. கிட்டாரோ இவ்விரு திறத்திற்கும் இடைப்பட்டது. ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) வடிவமைத்த வழியில் வந்த செவ்வியல் கிட்டாரை, நாற்காலியில் அமர்ந்து, இடக்காலைச் சிறு பலகையொன்றின்மேல் ஊன்றி, இடத்தொடையில் இருத்தி வாசிப்பதே இன்றும் பயிற்சிமுறை. ஆதலின் அதன்கண் தோள்வார் மாட்டுதற்குரிய குமிழ் பெரும்பாலும் இராது. கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த பண்ணைப்புரத்தில் 1943-ஆம் ஆண்டில் பிறந்த இளையராஜா, இலண்டன் திரினிட்டி இசைக்கல்லூரித் தேர்வில் பொற்பதக்கம் பெற்றது இச்செவ்வியல் கிட்டாரிலேயாம்.

அவர் பிறந்த மாவட்டத்தினரேயாயினும், எங்கள் மயிலாடும்பாறைப் பாடகர் குழுவினர்க்கு நாற்காலியும் கால்பலகையும் பயன்படா. டிசம்பர் மாதத்து இரவுகளில், வருஷநாட்டு மலைக்காற்று முகத்தில் அறைய, வீடுதோறும் நடந்து சென்று கிறிஸ்து பிறப்பின் கீதங்களைப் பாடுவது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு கிட்டார் வாசிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கருவி என்னுடையதன்று. எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் தம் இளமையில் வாங்கி, நாற்பது ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்துப் போற்றியது. அதனை என் கையில் தருகையில், “தம்பி, பாட்டுப் பிசகினாலும் பிசகட்டும், இதில் ஒரு தழும்பு விழலாகாது” என்றார்.

வாரோ அதற்கு இல்லை. கடைத்தெருவில் இருந்த தச்சரொருவரிடம் காட்டினேன். அவர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்து, கழுத்து உடலோடு கூடும் குதிகாலைத் தட்டி, “இங்கே ஒரு திருகாணி போதும், தம்பி, இரண்டு நிமிட வேலை” என்று துளைக்கருவியைக் கையிலெடுத்தார். யான் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினேன். அவர் கூறியது முழுதும் பிழையன்று. கிட்டார் செய்வதில் கைதேர்ந்தவர், அளவறிந்து முன்துளையிட்டு அவ்விடத்தில் குமிழ் பொருத்துவதுண்டு. ஆனால் அளவறியாது முறுக்கப்படும் திருகாணி ஆப்புப்போல் மரத்தைப் பிளந்துவிடும். பக்கப்பலகையில் துளையிடுதல் இன்னும் கொடிது. அதன் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. பின்னே மரக்கட்டை இல்லாத இடத்தில் ஆணி நிற்க வழியில்லை.

இனி வழியாது? கிட்டாரின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம். எஃகுத் தந்தி கட்டிய கிட்டாரிலோ, ஆறு தந்திகளும் கூடி இழுக்கும் இழுப்பு 70 கிலோகிராமுக்கும் மேற்படும். அவ்விழுப்பை இராப்பகலாகத் தாங்கி நிற்கும் தலைப்பலகைக்கு, கிட்டாரின் எடையில் ஒரு பங்கைத் தாங்குதல் பெரிதாகாது. ஆதலின் மேல்முனையைத் தலைப்பலகையிலேயே கட்டலாம். கீழ்முனையைப் பொறுத்தவரை, முதலில் கருவியின் அடிப்புறத்தை நோக்குக. எஃகுத் தந்திக் கிட்டார்கள் பலவற்றில் அங்கே ஒரு குமிழ் முன்னரே இருக்கும். உள்ளே அதனைத் தாங்கக் கனத்த கட்டையும் இருக்கும். பெரியவரின் கிட்டாரில் அக்குமிழ் இருந்ததைத் தச்சர் கடையினின்று வீடு திரும்பிய பின்னரே கண்டேன்! வாரின் ஒருமுனைத் துளையை அதில் மாட்டினால் பாதி வேலை முடிந்தது.

மறுமுனைக்குப் பருத்தி நூலாலான பூட்ஸ் நாடா ஒன்று போதும். கழுத்தின் உச்சியில், தந்திகள் ஏறிச் செல்லும் சிறு எலும்புத் துண்டுக்கும் முதலிரு பிரடைகளுக்கும் இடையே ஒரு சிறு வெளி உண்டு. நாடாவை இரண்டாக மடித்து, அம்மடிப்பைத் தந்திகளுக்கு அடியே அவ்வெளியிற் செலுத்தி, தலைப்பலகையின் பின்புறமாகச் சுற்றிக் கொணர்ந்து, நாடாவின் இரு நுனிகளையும் மடிப்பினூடே புகுத்தி இழுக்கச் சுருக்கு விழும். அந்நுனிகளை வாரின் மறுமுனைத் துளையில் கோத்து இருமுறை முடிக. நாடா தந்திகளுக்கு அடியே செல்லுதல் வேண்டும்; மேலே சென்றால் அவற்றை அழுத்திச் சுருதியைக் கலைத்துவிடும். கட்டி முடித்தபின் ஒவ்வொரு தந்தியையும் மீட்டிச் சுருதி பார்த்துக்கொள்வது நன்று.

முதல் நாளிரவு யான் பூட்ஸ் நாடா தேடச் சோம்பி, வீட்டிலிருந்த நைலான் கயிற்றைக் கட்டிச் சென்றேன். அது வழுவழுப்பானது, முடிச்சு நில்லாது. மூன்றாம் வீட்டு வாயிலில், பாட்டின் நடுவே, அம்முடிச்சு அவிழக் கிட்டாரின் தலை சரேலெனத் தாழ்ந்தது. அருகில் நின்ற தோழன் கைநீட்டிப் பிடித்திராவிடின் என் நிலை யாதாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறேன். மறுநாள் காலையிலேயே நாடா வாங்கினேன். அதன்பின் ஒன்பது இரவுகள் நடந்தோம், முடிச்சு அசையவில்லை. இம்முறையில் குறை ஒன்றுண்டு: முதல் மெட்டில் விரலூன்றும்போது வார் இடக்கைக்கு அருகே வந்து இடறும். நாடாவைச் சற்று நீளமாக விட்டால் அவ்விடர் பெரிதும் குறையும்.

அடிக்குமிழும் இல்லாத செவ்வியல் கிட்டாருக்கு வேறோர் உபாயம் கூறுவர். கழுத்தில் அணியும் வாரொன்று கருவியின் முதுகுப்புறம் இறங்கி, அடியாக வளைந்து முன்னே வந்து, ஒலித்துளையின் கீழ்விளிம்பைக் கொக்கியாற் பற்றும். ஆயின் மேற்பலகை 3 மில்லிமீட்டர் அளவினதே. கொக்கிக்குத் துணியோ கம்பளியோ சுற்றாவிடின் விளிம்பு நசுங்கும். அன்றியும் இரு கைகளையும் ஒருங்கே எடுத்தால் கிட்டார் முன்னே கவிழும். நின்று வாசிப்பார்க்கு ஒருவாறு உதவுமேயன்றி, நடப்பார்க்கு யான் இதனைப் பரிந்துரையேன். உடலைச் சுற்றிக் கயிறு கட்டுவாரும் உளர். அது மேற்பலகையின் அதிர்வை அடக்கி ஒலியை மழுக்குவதோடு மெருகையும் உராயும்.

பெரியவரிடம் ஜனவரியில் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சாளரத்தருகே கொண்டுசென்று, வெயிலில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு வாரைக் கழற்றி என்னிடம் தந்து, பெட்டியை மூடினார். வாரைக் கழற்றியதற்குக் காரணம் பிற்பாடே அறிந்தேன்: நைட்ரோ மெருகிட்ட கருவியோடு வைனில் வாரைப் பல நாள் ஒட்ட வைத்திருந்தால், அம்மெருகு இளகிக் கறைபடும்.