வயலினும் எதிரொலியும்

பொங்கல் விழாவில் நான் வயலின் வாசித்ததைக் கேட்ட நண்பர் சிலர், "அந்த எதிரொலிக்கென்று தனிக் கருவி வாங்கினாயா?" என்று வினவினர். வாங்கவில்லை. என் மடிக்கணினியில் நானே எழுதிய நிரல் அது. அதில் நான் பட்ட பாடு பிறருக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

எதிரொலியின் கணக்கு எளிது. வயலினில் பொருத்திய சிறு மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கணினி விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவற்றை 24,000 இடமுள்ள ஒரு வட்டத்தில் வரிசையாக இட்டு வருகிறோம். சுற்றி வந்து பழைய இடத்தைத் தொடும்போது அங்கே இருப்பது அரை விநாடிக்கு முந்தைய ஒலி. அதைப் பாதியாக்கிப் புதிய ஒலியோடு கூட்டி, ஒலிபெருக்கிக்கு அனுப்பி, அதே இடத்தில் எழுதியும் வைக்கவேண்டும். சுற்றுக்குச் சுற்று எதிரொலி பாதியாகத் தேய்ந்து மறையும். பாதிக்குப் பதில் ஒன்றால் பெருக்கினால் தேயவே தேயாது. ஒன்றுக்கு மேற்பட்டாலோ வளர்ந்துகொண்டே போய்ச் செவியைத் துளைக்கும்.

கணக்கு எளிது, காலந்தான் கடிது. கணினி எண்களை ஒவ்வொன்றாகத் தருவதில்லை. கட்டுக் கட்டாகத் தருகிறது. இதைத்தான் 'பஃபர்' என்பர். முதலில் நான் வைத்தது 1,024 எண்கள் கொண்ட கட்டு. அது சேர 21 மில்லிவிநாடி. வெளியே செல்ல இன்னொரு 21. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே, தோளில் இருக்கும் வயலின் பதினான்கு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பது போலாயிற்று. ஒத்திகையில் மிருதங்க நண்பர் கையை நிறுத்திவிட்டார். "உன் வில்லைப் பார்த்து வாசிப்பதா, ஒலிபெருக்கியைக் கேட்டு வாசிப்பதா?" என்றார். விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது.

கட்டை 128 எண்களாகக் குறைத்தேன். தாமதம் ஐந்து மில்லிவிநாடி அளவுக்குச் சுருங்கியது. ஆனால் இடையிடையே 'பட், பட்' என்ற ஓசை எழுந்தது. இப்போது ஒவ்வொரு கட்டின் கணக்கையும் 2.7 மில்லிவிநாடிக்குள் முடித்தாக வேண்டும். ஆயிரம் முறை விரைந்து முடித்தும் பயனில்லை. ஒரு முறை பிந்தினால் ஒலி அறுபடும். இரண்டு இரவு தேடினேன். குற்றம் என்னுடையதே. ஒலியின் அளவைப் பின்னர் பார்ப்பதற்காக, கட்டுதோறும் அதை ஒரு கோப்பில் எழுதும்படி அமைத்திருந்தேன். எழுதும் வேலை சில வேளை காத்திருக்க நேரும், தாளம் காத்திருக்குமா? அந்த வரியை நீக்கினேன். வேண்டிய நினைவிடம் முழுவதையும் வாசிக்கத் தொடங்குமுன்பே ஒதுக்கி வைத்தேன். ஓசை நின்றது.

நிரல் எழுதிப் பழகாதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய 'பியூர் டேட்டா' இலவசமாகக் கிடைக்கிறது; பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே எதிரொலி அமைக்கலாம். ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைத்துத் தொடங்குங்கள்.

விழாவன்று மிருதங்க நண்பர் ஒருமுறைகூட நிமிர்ந்து என் வில்லைப் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுவே பெரிது.