மருந்து இலையில் ஒட்டுவது எப்படி? தகரத் தொட்டியில் விடை கண்ட பெண்மணி

வெங்காயத் தாளிலும் முட்டைக்கோஸ் இலையிலும் வெறும் தண்ணீரில் கலந்த மருந்தைத் தெளித்தால், அது முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்துவிடுகிறது. மருந்துக்குக் கொடுத்த காசும் ஆள் கூலியும் மண்ணோடு போகின்றன. இதைத் தடுக்கவே தெளிப்பு நீரில் ஒட்டும் திரவம் சேர்க்கிறார்கள். இத்தகைய பொருள்கள் நீரின் பரப்பில் செய்யும் வேலையை அளக்க வழி வகுத்தவர், பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒரு ஜெர்மன் பெண்மணி.

அக்னஸ் போக்கெல்ஸ் என்ற அவர் 1862ல் வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆஸ்திரியப் படையில் இருந்தவர். மலேரியாவால் உடல் நலிந்து ஓய்வு பெற்றதும் குடும்பம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் குடியேறியது. அக்னஸுக்குப் பௌதிகத்தில் ஆசை. ஆனால் அன்று அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். நோயாளிப் பெற்றோரைப் பார்ப்பதும் அடுப்படி வேலையும் அவர் தலையில் விழுந்தன. பௌதிகம் படித்த தம்பி கொடுத்த புத்தகங்களைக் கொண்டு தாமே கற்றார்.

பாத்திரம் கழுவும்போது, பிசுக்குள்ள நீரின் பரப்பு சுத்த நீரைப்போல இல்லையே என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1882 வாக்கில் தகரத்தால் ஒரு தொட்டி செய்தார். நீளம் 70 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 2 செ.மீ. அதில் விளிம்பு வரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார். பட்டை நகர நகர ஒரு பக்கத்து நீர்ப்பரப்பு சுருங்கும். சிறு வட்டத் தகடு ஒன்றை நீரின்மேல் படியவிட்டு, அதைப் பெயர்த்தெடுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று தராசில் பார்த்தார். பரப்பு இழுவிசையை அளக்க இதுவே அவருடைய கருவி.

சுத்த நீரில் பட்டையை எங்கே தள்ளினாலும் இழுவிசை மாறவில்லை. சிறிது பிசுக்கு இருந்தாலோ, ஓர் அளவு வரை மாறாமல் நின்று, மேலும் நெருக்கியதும் மளமளவென்று குறைந்தது. பிசுக்கின் மூலக்கூறுகள் இடைவெளியின்றி ஒரே அடுக்காக நீரை மூடும் கட்டம் அது.

இவ்வளவு கண்டும் வெளியிட வழியில்லை. இங்கிலாந்தில் ராலே பிரபு இதே துறையில் ஆராய்வதை அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை ஆங்கிலமாக்கினார். ராலே 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவைக்க, மார்ச்சில் வெளிவந்தது. பிறருடைய கண்டுபிடிப்பைத் தம் பெயரில் போட்டுக்கொள்ளாத பெருந்தன்மை அது. பின்னர் அமெரிக்காவின் லாங்மூர் அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தி ஆராய்ந்தார். பரப்பு வேதியியலுக்காக 1932ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி, 70 வயதை எட்டிய அக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935ல் அவர் காலமானார். இன்று நானோ துகள்களை ஒரே அடுக்காகப் பரப்பவும் இந்தவகைத் தொட்டி பயன்படுகிறது.

இனி வயலுக்கு வருவோம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் நாடும். சுத்த நீரின் இழுவிசை செ.மீ.க்கு சுமார் 72 டைன். சோப்பு அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். அப்போது துளி உருளாமல் மெழுகு பூத்த இலையில் படர்கிறது. வேப்பெண்ணெய் நீரோடு கலப்பதும் இதனால்தான். உப்புத் தண்ணீராயின் சாதா சோப்பு திரிந்துபோகும். அங்கே கடையில் விற்கும் ஒட்டும் திரவமே நல்லது. அளவு மீறினால் மருந்து வழிந்தோடும், இலையும் கருகும். சில மருந்துகளில் இது முன்பே கலந்திருக்கும்; ஆகவே டப்பாவின் மேலுள்ள குறிப்பைப் படித்துவிட்டே சேர்க்க வேண்டும்.